நாய் உண்ணியும் வீட்டாரின் உடல்நலமும்

வளர்ப்பு நாயின் உடலில் உண்ணியைக் கண்டதும், வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நீரில் கலந்து அதனைக் குளிப்பாட்டும் வழக்கம் இன்னும் உள்ளது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் தோல் வழியாகவே உடலில் ஏறக்கூடியவை. வெறுங்கையால் தேய்ப்பவருக்கும், ஈரம் காயுமுன் நாயைக் கட்டியணைக்கும் குழந்தைக்கும் அவை ஆபத்தானவை. எச்சில் பெருகுதல், வியர்த்தல், கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை அந்நஞ்சின் அறிகுறிகள். இம்மருந்துகளை விலங்கின் உடலில் பயன்படுத்தவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இவ்வளவு துணிந்தும் உண்ணி ஒழிவதில்லை. நம் ஊர்களில் நாய்களில் பரவலாகக் காணப்படும் பழுப்பு நிற உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவிடுக்கிலும் ஒளிந்துகொள்கிறது. பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை அங்கேயே இடுகிறது. ஆகவே நாய்க்கு மருந்திடும் நாளிலேயே அதன் படுக்கையை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், விரிசல்களைச் சிமெண்டால் அடைப்பதும், முற்றத்துப் புல்லையும் குப்பையையும் அகற்றுவதும் வேண்டும். தெள்ளுப்பூச்சியின் முட்டைகளும் தரையில்தான் உதிர்கின்றன. மூலைமுடுக்குகளை அன்றாடம் பெருக்குவது அதற்கும் பொருந்தும்.

மருந்தைக் கால்நடை மருத்துவரே தேர்ந்தெடுக்கட்டும். விலங்கின் எடைக்கேற்ப அளவு மாறும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தின் மிச்சத்தைப் பூனைக்குப் பூசுவோர் உண்டு. அது பூனையின் உயிரையே பறிக்கக்கூடும். நாயைக் குளிப்பாட்டப் பயன்படும் அமிட்ராஸ் குறித்துத் தனியே கூற வேண்டும். தவறுதலாக அதைக் குடித்தவருக்கு மயக்கம், நாடித்துடிப்புக் குறைதல், கண்மணி சுருங்குதல் ஆகியவை தோன்றும். வயல் மருந்து நஞ்சின் சாயலே இதிலும் இருப்பதால் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று, சிகிச்சையோ வேறு. எனவே நோயாளியுடன் அந்தப் புட்டியையும் தவறாமல் கொண்டுவாருங்கள். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்தாயின், பெயர் தெரியாமல் நாங்கள் இடர்ப்பட நேரும்.

மனிதர் உடலில் உண்ணி கடித்திருந்தால், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஊதுவத்தியால் சுடுவதும் வேண்டா. மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். விரலால் நசுக்கலாகாது. பின்னர் சோப்பு நீரால் அவ்விடத்தையும் கைகளையும் கழுவுக. அடுத்த இரு வாரங்களுக்குள் காய்ச்சலும் தலைவலியும் கண்டாலோ, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த தடிப்புகள் எழுந்தாலோ, அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்சிசைக்ளின் என்னும் எளிய மருந்துக்கு அது பெரும்பாலும் விரைவில் கட்டுப்படும். தாமதமானால் நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடும். மருத்துவர் கேளாவிடினும், வீட்டில் நாய் உண்டு, உண்ணி கடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.