அவையில் ஓர் இருக்கை

நுழையும்முன்

சட்டங்களை ஆட்சியாளர் இயற்றுகின்றனர். அவற்றின் பயனையும் குறையையும் மக்களே நுகர்கின்றனர். யாருக்காக ஒரு சட்டம் இயற்றப்படுகிறதோ அவர்தம் குரல் அச்சட்டத்தில் இடம்பெற வேண்டாவா? இவ்வினாவை எழுப்பித் தெருவிலும் நீதிமன்றத்திலும் உலக அவையிலும் வாதாடிய மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மூன்று படிகள்

தேர்தல் நாள். ஊர்ப் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி. வாயிலில் மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் படிகளின்முன் நிற்கிறார். வரிசையில் நின்ற இளைஞர் நால்வர் ஓடிவந்து அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுசேர்க்கின்றனர். காண்போர் நெஞ்சம் நெகிழ்கிறது.

அவ்விளைஞர்களின் செயல் பாராட்டுக்குரியது. ஆயினும், தூக்கிச் செல்லப்பட்டவரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். மற்றவர் எல்லாரும் தம் காலால் நடந்து சென்று அளிக்கும் வாக்கை அவர் பிறர் தோளில் ஏறிச் சென்று அளிக்க வேண்டியுள்ளது. அந்நால்வர் அங்கு இல்லையெனில் அவருக்கு வாக்கும் இல்லை. அங்கே ஒரு சாய்தளம் இருந்திருப்பின் யாருடைய உதவியும் தேவைப்பட்டிருக்காது. இரக்கம் உயர்ந்த பண்பே. எனினும், பிறர் மனம் இரங்கும்போது மட்டும் கிடைப்பது உரிமையாகாது.

தடை உடலில் உள்ளதா, படியில் உள்ளதா? உடலில் என்று கொண்டால் தீர்வை மருத்துவரிடம் தேடுவோம். படியில் என்று கொண்டால் அதனைக் கட்டியவரிடமும் கட்ட ஆணையிட்டவரிடமும் கேள்வி கேட்போம். இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கியபோதுதான் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பொதுவாழ்வின் நடுவே வந்தன.

இணைந்த இருவர்

தமிழ் இலக்கிய வரலாற்றில் இரட்டைப் புலவர்களை நாம் அறிவோம். இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் அவ்விருவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமந்தார். தோளில் இருந்தவர் வழி காட்டினார். ஒருவர் பாடலின் முற்பகுதியைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்பர். ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்த அந்த இணைப்பு ஊர் ஊராகச் சென்று பாடும் வாழ்வை அவர்களுக்குத் தந்தது.

தனியொருவர் தம் தடையைச் சொன்னால் அது முறையீடு. ஒத்த தடையுடையோர் பலர் கூடிச் சொன்னால் அது கோரிக்கை. கோரிக்கை சட்டமாக மாறுவதற்கு நிலையான அமைப்பு தேவை. ஆனால், மாற்றுத்திறனாளிகளுக்காக அமைப்பு நடத்துவதும் மாற்றுத்திறனாளிகளே அமைப்பு நடத்துவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு ஒன்று கனடா நாட்டில் நடந்தது.

வின்னிபெக்கில் பிறந்த குரல்

1980ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் பன்னாட்டு மறுவாழ்வு அமைப்பின் உலக மாநாடு கூடியது. மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் மிகுதியாகக் கூடிய அம்மாநாட்டில் மாற்றுத்திறனாளிகள் நூற்றுக்கணக்கில் கலந்துகொண்டனர். ஒவ்வொரு நாட்டின் பேராளர் குழுவிலும் குறைந்தது பாதிப்பேர் மாற்றுத்திறனாளிகளாக இருத்தல் வேண்டும் என்னும் முன்மொழிவை ஸ்வீடன் நாட்டுக் குழுவினர் வைத்தனர். வாக்கெடுப்பில் அது தோற்றது.

மாற்றுத்திறனாளிகளின் வாழ்வைப் பற்றிப் பேசவே கூடிய அவை, அவர்களுக்குச் சமமான இருக்கை தர மறுத்தது. அவர்கள் தனியே கூடினர். தமக்கென ஓர் உலக அமைப்பைத் தோற்றுவிக்க முடிவு செய்தனர். அடுத்த ஆண்டு, 1981இல், மாற்றுத்திறனாளிகளின் பன்னாட்டு அமைப்பு சிங்கப்பூரில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. அவ்வாண்டையே ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருந்தது. 'எங்களை விடுத்து எங்களைப் பற்றி எதுவும் வேண்டா' என்னும் முழக்கம் 1990களில் தென்னாப்பிரிக்க மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தினரிடையே வழங்கிப் பின்னர் உலகெங்கும் பரவியது.

தெருவிலிருந்து நாடாளுமன்றத்திற்கு

இந்தியாவில் இவ்வகை அமைப்புகளுள் முன்னோடியாக விளங்குவது 1970இல் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு ஆகும். 1980இல் வேலைவாய்ப்புக் கேட்டுத் தில்லியில் ஊர்வலம் சென்ற பார்வையற்றோர் மீது காவலர் தடியடி நடத்தினர். அந்நிகழ்வு நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. ஆயினும் அமைப்பினர் தெருவோடு நின்றுவிடவில்லை, நீதிமன்றத்தையும் நாடினர். குடிமைப்பணித் தேர்வைப் பார்வையற்றோர் பிரெயில் முறையிலோ, எழுதுநர் துணையுடனோ எழுதலாம் என உச்ச நீதிமன்றம் 1993இல் இக்கூட்டமைப்பின் வழக்கில் தீர்ப்பளித்தது. அறிவிருந்தும் தேர்வறை வாயிலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு அத்தீர்ப்பு வழி திறந்தது.

அடுத்து வேண்டியது சட்டம். சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஜாவேத் அபிடி (1965 – 2018) என்பார் 1994இல் 'மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு'வைத் தொடங்கினார். பல்வகைக் குறைபாடுடையோரையும் ஒரே அணியில் திரட்டியது அதன் சிறப்பு. அக்குழுவினர் சட்ட முன்வரைவை நிறைவேற்றக் கோரித் தில்லித் தெருக்களில் இறங்கினர். 1995 டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றியது. ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியில் 3 விழுக்காடு இட ஒதுக்கீட்டை வழங்கிய அச்சட்டம் 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

எண்ணப்படாதவர்கள்

சட்டம் வந்தபின் ஓர் அடிப்படை வினா எழுந்தது. நாட்டில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களைப் பற்றிய வினா இருந்தது. 1991இல் அவ்வினா இடம்பெறவில்லை. எண்ணப்படாதவருக்குப் பள்ளி எத்தனை, பேருந்து எத்தனை, நிதி எவ்வளவு என்று எவ்வாறு திட்டமிடுவது? அரசின் ஏட்டில் இல்லாதவர் அரசின் திட்டத்திலும் இல்லாதவராகிறார்.

2001 கணக்கெடுப்பில் இவ்வினாவைச் சேர்க்க வேண்டும் என அமைப்புகள் வலியுறுத்திப் போராடின. வினா சேர்க்கப்பட்டது. 2.19 கோடி பேர் கணக்கில் வந்தனர். 2011இல் அவ்வெண்ணிக்கை 2.68 கோடியாக, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடாகப் பதிவாயிற்று. கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு வினாவைச் சேர்ப்பது சிறு செயலாகத் தோன்றலாம். அவ்வொரு வினாதான் இரண்டு கோடிப் பேரை நாட்டின் கணக்கேட்டில் ஏற்றியது.

2004 நாடாளுமன்றத் தேர்தலின்போது மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பார்வையற்றோர் பிறரிடம் தம் வாக்கைச் சொல்லாமல் தாமே தொட்டறிந்து அளிக்க ஏதுவாக வாக்குப்பதிவு இயந்திரங்களில் பிரெயில் எழுத்துகளும் பின்னர் இடம்பெற்றன. நாம் தொடக்கத்தில் கண்ட மூன்று படிகளுக்கு விடை இவ்வாறு வந்தது.

தெரிந்து தெளிவோம்

'ஊனமுற்றோர்' என்னும் சொல் இல்லாததைச் சுட்டுகிறது. 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் இருப்பதைச் சுட்டுகிறது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலனுக்கெனத் தனித்துறை இயங்குகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இதனை ஐக்கிய நாடுகள் பொது அவை 1992இல் அறிவித்தது.

உலக அவையில் இருக்கை

வின்னிபெக்கில் மறுக்கப்பட்ட இருக்கை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின் ஐக்கிய நாடுகள் அவையில் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை வரைவதற்கு 2004 சனவரியில் ஒரு பணிக்குழு கூடியது. 27 அரசுகளின் பேராளர்களோடு அரசுசாரா அமைப்புகளின் பேராளர் 12 பேரும் தேசிய மனித உரிமை நிறுவனங்களின் சார்பில் ஒருவரும் அதில் அமர்ந்தனர். அரசுகள் மட்டுமே எழுதி வந்த பன்னாட்டு ஆவணத்தை, அதனால் பயன்பெறுவோரும் உடனிருந்து எழுதினர்.

2006 டிசம்பர் 13 அன்று உடன்படிக்கை ஏற்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய சட்டமும் கொள்கையும் வகுக்கும்போது அவர்தம் அமைப்புகளோடு அரசு நெருங்கிக் கலந்தாய்தல் வேண்டும் என்பது அதில் ஒரு கடப்பாடாகவே எழுதப்பட்டுள்ளது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று இதற்கு ஒப்புதல் அளித்தது.

இதனையொட்டி 1995 சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் தேவைப்பட்டது. முன்வரைவு 2014இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்டபோது, உரிமைகள் நீர்த்துப்போயுள்ளன என அமைப்புகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. நாடாளுமன்ற நிலைக்குழு அதனை ஆராய்ந்தது. திருத்தங்களுடன் 2016 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. தன்முனைப்புக் குறைபாடு, கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு நோய், குருதி உறையாமை நோய், அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோர் எனப் புதிய பிரிவுகள் சேர்ந்தன. அரசுப் பணியில் 4 விழுக்காடும் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் ஒதுக்கீடு வழங்கப்பட்டன. உங்கள் வகுப்பில் எழுத்துகள் இடம் மாறித் தோன்றுவதால் இடர்ப்படும் நண்பர் ஒருவர் இருக்கலாம். 1995 சட்டத்தில் அவருக்கு இடமில்லை; 2016 சட்டத்தில் உண்டு.

நடைபாதை கற்பிக்கும் பாடம்

அமைப்புகள் அவையில் இருப்பதால் விளையும் நன்மையை ஒரு நடைபாதையைக் கொண்டு விளக்கலாம். சக்கர நாற்காலியில் செல்வோருக்கு நடைபாதையின் விளிம்பு சாலையோடு மட்டமாகச் சரிந்திருத்தல் வேண்டும். கோலூன்றிச் செல்லும் பார்வையற்றோருக்கோ, நடைபாதை முடிந்து சாலை தொடங்குவதை அவ்விளிம்பின் உயரமே உணர்த்துகிறது. ஒருவருக்குத் தடையாவது மற்றவருக்கு வழிகாட்டி. இருவரும் ஒரே அவையில் அமர்ந்தால்தான் விளிம்பைச் சரித்து, அவ்விடத்தில் காலும் கோலும் உணரும் புடைப்புக் கற்களைப் பதிக்கும் தீர்வு பிறக்கும். எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும் வரைபடத்தை மட்டும் நோக்கும் பொறியாளருக்கு இம்முரண் புலப்படுவது அரிது.

அமைப்புகளுக்குள்ளும் குறைகள் உண்டு. நகரத்தார் குரல் ஓங்கிச் சிற்றூர்க் குரல் தாழ்வதும், பெண்கள் தலைமைக்கு வருவது அரிதாவதும், அறிவுசார் குறைபாடுடையோருக்காகப் பிறரே பேசிவிடுவதும் உண்டு. பிறர் நம்மை விடுத்துப் பேசலாகாது என்போர், தம்முள் யாரையும் விடுத்துப் பேசவில்லை என்பதையும் உறுதி செய்தல் வேண்டும். அரசிடம் கேட்ட அதே வினாவை அமைப்புகள் தம்மிடமும் கேட்டுக்கொள்வதே நேர்மை.

நம் மண்ணில்

சென்னை மெரினாவில் அலை தொடும் மகிழ்ச்சி சக்கர நாற்காலியில் வருவோருக்கு நெடுங்காலம் எட்டாததாக இருந்தது. மணலில் சக்கரம் புதையும். அமைப்புகளின் வேண்டுகோளால் முதலில் டிசம்பர் மாதத்தில் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டது. 2022 நவம்பரில் நிலையான மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. வசதியை ஒருமுறை அமைத்தால் போதாது, நாளும் பேண வேண்டும் என்பதைக் கடலே நமக்குக் கற்பித்தது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் குறிப்பிடத்தக்க சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. ஊராட்சி முதல் மாநகராட்சி வரையிலான உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க அவை வழிவகுத்தன. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஊராட்சிப் பள்ளியின் கழிப்பறை ஆகியவை பேசப்படும் அவை அது. அன்றாட வாழ்வின் தடைகள் பலவும் கட்டப்படுவதும் களையப்படுவதும் அங்குதான். அங்கே ஓர் இருக்கை கிடைப்பது தொடக்கம். அவ்விருக்கையில் அமர்ந்தவரின் சொல் செவிமடுக்கப்படுவதே நிறைவு.

மூன்று படிகளின் முன் நின்றவரிடம் மீண்டும் செல்வோம். அவரைத் தூக்கிச் செல்ல நால்வர் வந்தனர், அது நன்று. அடுத்த பள்ளிக் கட்டடத்திற்கு வரைபடம் தீட்டும்போது, "உங்களுக்கு எது வேண்டும்?" என்று அவரை அழைத்துக் கேட்பது அதனினும் நன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தைச் சுற்றி வந்து, மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையாக உள்ளவற்றைப் பட்டியலிடுக. அப்பட்டியலை மாற்றுத்திறனாளி ஒருவரிடம் காட்டி, நீங்கள் காணத் தவறியவற்றைக் கேட்டு எழுதுக.

2. 'உதவியா? உரிமையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மாற்றுத்திறனாளிகளின் பன்னாட்டு அமைப்பு தன் முதல் மாநாட்டை நடத்திய இடம்
அ) வின்னிபெக் ஆ) சிங்கப்பூர் இ) தில்லி ஈ) சென்னை

2. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட குறைபாட்டு வகைகள்
அ) 4 ஆ) 7 இ) 12 ஈ) 21

குறுவினா

1. முறையீடு, கோரிக்கை – வேறுபடுத்துக.
2. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நேர்ந்த குறை யாது?

சிறுவினா

1. வின்னிபெக் மாநாட்டில் தோற்ற முன்மொழிவு யாது? அதன் விளைவை எழுதுக.
2. நடைபாதை விளிம்பு உணர்த்தும் கருத்தை விளக்குக.

நெடுவினா

'யாருக்காகச் சட்டம் இயற்றப்படுகிறதோ அவர்தம் குரல் அதில் இடம்பெறல் வேண்டும்' – பாடப்பகுதி வழி நின்று நிறுவுக.