புதுமனையில் பிறந்தகத்து மரம்

செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுவது கட்டடம். அன்பினால் நிறைவது இல்லம். பிறந்து வளர்ந்த மனையை நீங்கி வேற்றிடத்தில் குடிபுகுந்தார்க்கு, அப்புதுமனை எத்துணைப் பெரிதாயினும், முதற்கண் அயலிடமாகவே தோன்றும். குடும்பத்தார் ஒருங்குகூடி விழாவுக்கென அதனை அணிசெய்யும் நாளிலேதான் அது தம்மனை ஆகின்றது. இவ்வுண்மையை இங்கிலாந்து அரசமாளிகையில் நிகழ்ந்த கிறிஸ்துமஸ் விழா நன்கு விளக்கும்.

ஜெர்மனியிலுள்ள கோபர்க் நகரை அடுத்த ரோசனாவ் மாளிகையில் 1819ஆம் ஆண்டு பிறந்தவர் இளவரசர் ஆல்பெர்ட். அவருக்கு ஐந்து வயது நிரம்பிய சின்னாட்களில் தாயும் தந்தையும் பிரிந்தனர். இல்லம் நீங்கிய அன்னையை அவர் மீண்டும் கண்டாரல்லர். அவ்வம்மையார் 1831இல் காலமானார். தாயற்ற அச்சிறுவருக்குத் தமையன் எர்ன்ஸ்டே உற்ற துணை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ஒளிரும் மரத்தடியில் இருவரும் துய்த்த மகிழ்ச்சி, அவர் உள்ளத்தில் பசுமரத்தாணிபோல் பதிந்தது.

1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் ஆல்பெர்ட் இங்கிலாந்தின் அரசியான விக்டோரியாவை மணந்தார். மகளிர் பிறந்தகம் நீங்கிப் புக்ககம் செல்வது உலகில் பெருவழக்கு. இவரோ ஆடவராயிருந்தும் தம் நாடு துறந்து மனைவியின் மாளிகையில் வாழப் புகுந்தார். மக்களுட் பலர் அவரை அயலார் என்றே கருதினர். அவருக்கென அமைச்சர் முன்மொழிந்த 50,000 பவுன் ஆண்டுத் தொகையைப் பாராளுமன்றம் 30,000 பவுனாகக் குறைத்தது. தாம் அரசிக்குக் கணவரேயன்றி இல்லத்துக்குத் தலைவரல்லர் என்று நண்பரொருவர்க்கு எழுதி அவர் மனம் நொந்தார்.

இந்நிலையில் மக்கட்பேறு வாய்த்தது. 1840 நவம்பரில் மகளும், 1841 நவம்பரில் மகனும் பிறந்தனர். 1841ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விழாவில் வின்ட்சர் மாளிகையில் ஊசியிலை மரங்கள் நிறுத்தப்பெற்றன. ஏனைய மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும் கடுங்குளிர்க் காலத்திலும் பசுமை மாறாது விளங்குவது அம்மரம். ஏவலர் பலர் இருந்தும், ஆல்பெர்ட் தம் கைகளாலேயே அதனை அணிசெய்தார். இனிப்புப் பண்டங்களையும், மெழுகுப் பொம்மைகளையும், வாதுமைப் பருப்பும் உலர்ந்த திராட்சையும் கோத்த சரங்களையும் கிளைகளில் தொங்கவிட்டார். சிறு மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டன. அவ்வொளியில் பரிசுகள் வழங்கப்பெற்றன. அரசியின் அன்னைக்கும் தனியே ஒரு மரம் அமைக்கும் வழக்கம் உண்டாயிற்று. தாமும் தமையனும் அந்நாளில் பெற்ற இன்பத்தின் எதிரொலியைத் தம் மக்களிடத்தே காண விழைவதாக ஆல்பெர்ட் பின்னர் எழுதினார்.

இவ்வழக்கத்தை இங்கிலாந்துக்கு முதன்முதற் கொணர்ந்தவர் ஆல்பெர்ட்டே என்பர் சிலர், அது பொருந்தாது. 1761இல் பதினேழு வயதில் ஜெர்மனியிலிருந்து மணமகளாய் வந்த சார்லட் அரசியார், 1800ஆம் ஆண்டிலேயே வின்ட்சரில் சிறுவர்க்கென மரமொன்றை அணிசெய்து நிறுத்தினார். அவரும் பிறந்தகம் துறந்து வந்தவரே என்பது கருதத்தக்கது.

எனினும், அரண்மனையில் இருந்த வழக்கம் குடிமக்கள் மனைதோறும் பரவியது ஆல்பெர்ட் காலத்திலேயாம். 1848ஆம் ஆண்டு டிசம்பரில், அரச குடும்பத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்னும் இதழ் வெளியிட்டது. மரம் ஏறத்தாழ எட்டடி உயரம் என்றும், ஆறடுக்குக் கிளைகளில் அடுக்கிற்குப் பன்னிரண்டு திரிகள் எரிந்தன என்றும், உச்சியில் சிறகு விரித்த தேவதூதர் உருவம் இருந்தது என்றும் அவ்விதழ் விரித்துரைத்தது. 1850இல் அமெரிக்க இதழொன்று, அரசியின் தலையணியை நீக்கி அப்படத்தையே வெளியிட்டது. முடியை நீக்கிய பின்னும் படத்தின் அழகு குன்றவில்லை. பெற்றோரும் மக்களும் கூடிநிற்கும் காட்சியே அதன் உயிர் என்பது இதனால் விளங்கும்.

1861ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், விழாவுக்குப் பதினொரு நாள் இருக்கையில், ஆல்பெர்ட் தம் நாற்பத்திரண்டாம் வயதில் வின்ட்சரிலேயே உயிர் நீத்தார். அவ்வாண்டு விழா துயரில் ஆழ்ந்தது. ஆயினும் அவர் நட்ட வழக்கம் பட்டுப்போகவில்லை. கோபர்க்கின் மரம் இங்கிலாந்தின் எண்ணிறந்த எளிய மனைகளில் வேரூன்றி நின்றது. அயலார் என்று கருதப்பட்டவர் விட்டுச்சென்ற ஒளியை அந்நாட்டு மக்கள் தமதாகவே போற்றினர்.

அணிசெய்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பழைய மனையின் இனிய நினைவொன்றைப் புதுமனைக்குக் கொண்டுவந்து, உற்றார் அனைவரும் அதில் கைகொடுத்தால், எவ்விடமும் தம்மிடமாகும்.