ஜூலை 31 ராத்திரி ஐடிஆர் பக்கம் லோட் ஆகலையா? முதல்ல இதைப் பாருங்க

ஒரு ஜூலை 31, ராத்திரி ஒன்பதரை மணி. ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற கிளையன்ட் ஒருத்தர் போன் பண்ணினார். "சார், சைட் டவுனா? ஒரு மணி நேரமா ரிஃப்ரெஷ் பண்றேன்."

அவருக்கு வீட்டு வாடகைக் கழிவு, 80சி எல்லாம் இருக்கு. பழைய வரி முறையிலதான் லாபம். பன்னிரண்டு மணி தாண்டினா அந்த முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வேற.

"வைஃபையை ஆஃப் பண்ணி, மொபைல் டேட்டால போன்ல திறங்க"ன்னேன். உடனே திறந்துச்சு. அப்போ சைட் நல்லாத்தான் இருக்கு, கோளாறு நம்ம பக்கம். லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணிப் பார்த்தார், வரலை. அப்படின்னா வைஃபை மேலயும் தப்பில்லை. இன்காக்னிட்டோவிலயும் அதே கதை.

"ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு?" இதை முதல்லயே கேட்டிருக்கணும், என் தப்பு.

"யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்."

"கீழே மூலையில தேதி என்ன காட்டுது?"

"2019 ஜனவரி 1, சார்!"

ஒவ்வொரு தளத்தோட பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. லேப்டாப் கடிகாரம் தப்பா இருந்தா, சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் கதவை மூடிடும். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துபோனா தேதி இப்படிப் பின்னாடி போயிடும். செட்டிங்ஸ்ல ஆட்டோமேட்டிக் டைமை ஆன் பண்ணினார். பக்கம் திறந்தது. பத்தேகாலுக்கு ஆதார் ஓடிபி போட்டு ஈ-வெரிஃபையும் முடிஞ்சது.

தேதி சரியா இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தா, "பரவாயில்லை, உள்ளே போ"ன்னு அமுக்காதீங்க. அங்கே டைப் பண்ணப் போறது உங்க பான் நம்பரும் பாஸ்வேர்டும். பதற்றத்துல கூகுள்ல தேடி முதல்ல வர்ற லிங்கைத் தட்டுறதும் அதே ஆபத்துதான். முகவரி இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்-னு முடியுதான்னு பாருங்க.

இன்காக்னிட்டோவில திறந்தா, பழைய கேஷ் அல்லது எக்ஸ்டென்ஷன்தான் காரணம். ஆபீஸ் லேப்டாப்னா விபிஎன்னை ஆஃப் பண்ணிப் பாருங்க. எந்த நெட்லயும், எந்த போன்லயும் வரலைன்னா மட்டும் சைட்டைத் திட்டலாம். அப்போ நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு, கொஞ்சம் விட்டுத் திரும்ப முயற்சி பண்ணுங்க.

வரி கட்டும்போது பக்கம் நின்னுபோனா ரிஃப்ரெஷ் வேண்டாம். பேங்க்ல பணம் போயிருக்கான்னு பாருங்க. போயிருந்தா, ஈ-பே டாக்ஸ்ல பேமென்ட் ஹிஸ்டரியில சலான் வந்திருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுங்க. ரெண்டு தடவை கட்டிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கிறவங்க வருஷா வருஷம் என்கிட்ட வர்றாங்க.