பப்பாளி நாற்றுக்குக் காசு எதற்கு?

நல்ல பப்பாளிப் பழம் நறுக்கும் நாளில் விதையை மட்டும் குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள், தோழிகளே. நர்சரிக்குக் கொடுக்கும் பணம் அதில்தான் இருக்கிறது.

1. விதைக்கு நாட்டுப் பழமே நல்லது. ரெட் லேடி போன்ற கலப்பினப் பழத்தின் விதையும் முளைக்கும். ஆனால் அதே ருசியும் அளவும் வரும் என்று நம்ப முடியாது.

2. விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறை முளைப்பைத் தடுக்கும். அடுப்புச் சாம்பல் போட்டுப் பிசைந்து, தேய்த்துக் கழுவுங்கள். சாம்பல் இல்லாவிட்டால் மணல் போதும். தண்ணீரில் மிதப்பவை பொக்கு, கொட்டிவிடலாம்.

3. நிழலில் உலர்த்தி, கையோடு விதைத்துவிடுங்கள்.

4. பப்பாளிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. அதனால் பாத்தியில் விதைத்துப் பிடுங்கி நடாமல், ஒரு லிட்டர் பால் கவரைக் கழுவி, அடியில் கோணி ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு, அதிலேயே வளர்த்துவிடுங்கள்.

5. செம்மண், மணல், நன்றாக மட்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு. பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்.

6. ஒரு கவருக்கு நாலு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். முளைக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும். முளைக்கவில்லையே என்று அவசரப்பட்டு மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்.

7. பப்பாளி நாற்று பெரும்பாலும் சாவது தண்ணீர் குறைந்து அல்ல, கூடித்தான். மண் சொதசொதவென்று இருந்தால் தண்டின் அடி அழுகி, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். பழைய தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டால் பூவாளி தயார். காலையில் மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தெளியுங்கள்.

8. ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் நடலாம். கவரைக் கிழித்து, மண் உதிராமல் அப்படியே குழியில் இறக்குங்கள். இடம் கொஞ்சம் மேடாக இருக்கட்டும். கூரைத் தண்ணீர் விழும் இடம் ஆகாது.

9. கவரில் வந்த நாற்றுகளைக் கலைக்காமல் சேர்த்தே நடுங்கள். எது ஆண், எது பெண் என்று பூக்கும்போதுதான் தெரியும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண் பூ, தண்டை ஒட்டித் தனியாக, பெரிதாக இருந்தால் பெண். குழிக்கு ஒரு பெண் மரத்தை விட்டு மற்றதை வெட்டுங்கள்; மகரந்தத்துக்குத் தோட்டத்தில் ஓர் ஆண் மரம் போதும்.

10. ஆண் மரத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.7 விதையை வாங்கலாம். அதில் பெண் மரமும் இருபால் மரமும்தான் வரும். இதற்கு மட்டும் காசு செலவழிப்பதில் தப்பில்லை.