வராதவர் யார் என்று கேள்

அன்புள்ள தம்பிக்கு,

வாரிசுரிமை வழக்குகளில்தான் நாட்டம் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, சொத்து யாருக்கு என்று கேட்டு ஒரு குடும்பம் உன் எதிரே உட்காரும்போது, முதலில் வெள்ளைத்தாளில் வம்சாவளியை வரை. பத்திரங்களைப் பிறகு பார்க்கலாம். வராதவர் யார் என்று கேள்.

பெரும்பாலும் வராதவர் தாய். மகன் இறந்திருப்பான், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்திருப்பார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அந்த மூவரோடு தாய்க்கும் சரிசமமாகக் கால் பங்கு உண்டு. தகப்பனாருக்கு இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு வாரிசு. சொன்னால் நம்ப மாட்டார்கள், சட்டத்தைத் திறந்து காட்டு. கட்சிக்காரரின் மதத்தையும் கேட்டுக்கொள். இதே குடும்பம் இஸ்லாமியர் என்றால் தாய்க்கு ஆறில் ஒன்று. கிறிஸ்தவர் என்றால், 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஒன்றுமில்லை.

வராதவர்களில் அடுத்தவர் மகள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு, ஒரு கையெழுத்துதானே" என்பார் அண்ணன். சீர் கொடுத்ததால் பங்கு போகாது. கல்யாணம் ஆனதாலும் போகாது. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகளுக்குத் தமிழ்நாடு 1989-லேயே உரிமை தந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மணமானவர்களுக்கும் தந்தது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். மகள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம்; எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்லாமல் பத்திரம் தயாரித்துக் கொடுக்காதே, கட்சிக்காரர் அண்ணனே ஆனாலும்.

பெண் இறந்தால் அவர் சொத்து யாருக்கு என்று அறிய, நாராயணி தேவி வழக்கை ஒருமுறையாவது முழுக்கப் படி. மணமான மூன்று மாதத்தில் கணவர் இறந்தார். புகுந்த வீடு விரட்டியது. பெற்றோர் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய்ச் சேமித்தார். 1996-ல் உயிலின்றி இறந்தார். பெற்ற தாய் கேட்டும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அவ்வளவு பணமும் கணவர் வழி உறவுகளுக்கே என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையும் கணவரும் இல்லாத பெண்ணின் சுய சம்பாத்தியம், அவரைப் பெற்றவர்களுக்கு முன்பே கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. இதே நிலையில் ஓர் ஆண் இறந்தால் மனைவி வீட்டாருக்கு எதுவும் போவதில்லை. இது அநீதி. இந்தப் பிரிவு மாற வேண்டும்.

மாறும்வரை நம் கையில் இருப்பது உயில்தான். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். பிள்ளையில்லாத, சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண் வேறு எந்த வேலையாக உன்னிடம் வந்தாலும், எழுந்து போவதற்குள் இதைச் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
உன் சீனியர்