"ராம்நாட்"னு எழுதினவர் எந்த மாவட்டம்?

பழைய மாணவர் பட்டியல் ஒன்றை பைத்தானில் திறக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. மாவட்டம் என்ற காலமில் "சிவகங்கை", "சிவகங்கா", "ஷிவகங்கை", "பி.எம்.டி.", "ராம்நாட்" என்று இருக்கு. கம்ப்யூட்டருக்கு இது ஐந்து வேற மாவட்டம். அப்படியே எண்ணினா காரைக்குடிக்காரங்க ஐந்து துண்டா சிதறிடுவாங்க.

சுத்தம் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. 1985-ல் ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. நம்ம பகுதி பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆனது. அதன் சுருக்கம்தான் பி.எம்.டி. 1997-ல் அது சிவகங்கை என்று மாறியது. விருதுநகர் அதுவரை காமராஜர் மாவட்டம். ஆக, பி.எம்.டி. என்பது சிவகங்கையின் பழைய பெயர், நேரா மாத்திடலாம். "ராம்நாட்" அப்படி இல்லை.

இப்போ வேலை:

1. மூல காலமைத் தொடாதீங்க. புது காலம் ஒன்று உருவாக்குங்க.

2. இடைவெளி, புள்ளி நீக்கி, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குங்க. பிறகு வேல்யூ கவுன்ட்ஸ் போட்டு எத்தனை வடிவம் இருக்குன்னு பாருங்க.

3. ஒவ்வொரு வடிவத்துக்கும் சரியான பெயர் தரும் டிக்‌ஷனரி எழுதி, பாண்டாஸில் மேப் பண்ணுங்க. டிக்‌ஷனரியில் இல்லாதது காலியாகத் தெரியும். விட்டுப்போனது எதுன்னு உடனே புரியும். ரிப்ளேஸ் போட்டா அது பழையபடியே ஒளிஞ்சுக்கும்.

4. "ராம்நாட்" வரிகளுக்கு ஊர் காலமைப் பாருங்க. காரைக்குடி என்றால் இன்று சிவகங்கை, பரமக்குடி என்றால் ராமநாதபுரம், சிவகாசி என்றால் விருதுநகர். பின்கோடு இருந்தா இன்னும் நல்லது. ஆனா பின்கோடு வந்ததே 1972-ல். அதுக்கு முந்தைய முகவரியில் தேடாதீங்க. ஊரும் இல்லைன்னா "தெரியவில்லை"ன்னே போடுங்க. ஊகம் டேட்டா ஆகாது.

எழுத்து ஒற்றுமையை வெச்சு தானாகச் சேர்க்கும் ஃபஸி மேட்சிங்கை முழுசா நம்பாதீங்க. ஆங்கில எழுத்தில் சிவகங்காவுக்கும் ஷிவகங்கைக்கும் இரண்டு எழுத்து வித்தியாசம். திருவள்ளூருக்கும் திருவாரூருக்கும் அதே இரண்டுதான்! முதல் ஜோடி ஒரே மாவட்டம். இரண்டாவது ஜோடிக்கு நடுவே முந்நூறு கிலோமீட்டர் போல இருக்கு. அது பரிந்துரைக்கட்டும், முடிவு நீங்க எடுங்க.

கடைசியா, "தெரியவில்லை"யையும் சேர்த்துக் கூட்டினா மொத்த வரிகள் முன்னாடி இருந்த அளவே வரணும். டிக்‌ஷனரியைத் தனி ஃபைலா சேமிச்சு வைங்க. அடுத்த பேட்ச் ஜூனியருக்கு அது அப்படியே உதவும்.