அந்தமானில் எழுந்த வினா

"கடவுள் அப்பொழுது எங்கிருந்தார்?" என்னும் வினா தருக்க நூலாரின் கூடத்தில் பிறப்பதினும் பிணத்தருகே பிறப்பதே பெரும்பான்மை. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்தெழுந்த ஞாயிறு வழிபாட்டின் வேளையில், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அங்கு மாண்டோருள் தமிழர் பலர். அதற்கு முன்னர், 1985 மே 14இல், அநுராதபுரத்து ஸ்ரீ மகாபோதியின் எல்லையிலேயே வழிபட வந்தோர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். ஆலயத்தைக் கடவுள் ஏன் காக்கவில்லை என்று நாம் கேட்டால், போதி மரம் தன் நிழலில் நின்றோரை ஏன் காக்கவில்லை என்று பிறர் கேட்பர். ஆதலின் இவ்வினாவைப் பிற சமயத்தாரை மடக்குதற்கு நமக்கு வாய்த்ததோர் ஆயுதம் என எண்ணுவோர் முதற்கண் அவ்வெண்ணத்தை விடுதல் வேண்டும்.

இப்பாடத்திற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் 1942 முதல் 1945 வரை நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொள்கிறோம். எண்பதாண்டு கடந்தமையால் சினம் தணிந்த உள்ளத்தோடு அவற்றை நோக்கலாம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நமக்குச் சற்றுக் கசப்பானது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

1942 மார்ச்சு 23இல் ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கிற்று. (அந்நகர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது.) ஆங்கிலேயர் தம் காவற்படையை முன்னரே அகற்றிக்கொண்டமையால் எதிர்ப்பார் இலர். அன்னியன் ஒழிந்தான், ஆசியச் சகோதரன் வந்தான் என்று மகிழ்ந்தோரும் உண்டு. அம்மகிழ்ச்சி சில நாளே நின்றது. சிப்பாய்களின் அடாத செயல் பொறாது காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஜுல்பிகார் அலி என்னும் இளைஞர், ஊரார் காண வதைத்துக் கொல்லப்பட்டார்.

பின்னர் நிகழ்ந்தவற்றின் காரணத் தொடரை வாசகர் ஊன்றி நோக்குக. தீவை நாடி வந்த ஜப்பானியக் கப்பல்கள் கடலில் தாக்குண்டு மூழ்கின. யாரோ செய்தி அனுப்புகின்றனர் என்று ஆட்சியாளர் ஐயுற்றனர். உண்மையில், மக்கார்த்தி என்னும் ஆங்கிலேயப் போலீசு அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு குழு 1943 சனவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இரகசியமாக இறங்கியிருந்தது. காட்டில் மறைந்திருந்தோர் அகப்படவில்லை. ஊரில் இருந்தோர் அகப்பட்டனர். ஆங்கிலேயர் 1906இல் கட்டி முடித்த செல்லுலர் சிறை மீண்டும் நிரம்பிற்று. வதை பொறாதவன் ஒரு பெயரைக் கூறுவான். அப்பெயரினன் பிடிபட்டு வதைக்கப்பட்டு வேறு பெயர்களைக் கூறுவான். இங்ஙனம் அச்சம் ஐயத்தையும், ஐயம் வதையையும், வதை பொய் வாக்குமூலத்தையும், அவ்வாக்குமூலம் மேலும் அச்சத்தையும் ஈன்றன. பன்னிரு நிதானங்களை மனப்பாடம் செய்யும் மாணவர், சார்பிற்றோற்றம் என்பது ஏட்டில் மட்டும் உள்ளதன்று என்பதை இத்தொடரிற் காணலாம்.

அச்சிறையிற் புகுந்தோருள் ஒருவர் டாக்டர் திவான் சிங். 1897இல் பிறந்த சீக்கியர். 1927 முதல் அந்தமானில் மருத்துவத் தொண்டு செய்தவர். பஞ்சாபி மொழியிற் சிறந்த கவிஞர். 1938இல் வெளிவந்த அவர்தம் கவிதை நூலின் பெயர் 'வகதே பாணி'. 'ஓடும் நீர்' என்பது பொருள். நிலையாமையை ஓதும் நமக்கு அப்பெயர் அயலானதன்று. இந்திய சுதந்திரச் சங்கத்தின் கிளைக்கு அவர் தலைவராயிருந்தார். ஆயினும் 1943 அக்டோபரில் கைதானார். டிசம்பர் 30இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் அந்நகரில் விடுதலைக் கொடியேற்றிய நாளில் திவான் சிங் அதே நகரின் சிறைக்குள் வதைபட்டுக் கிடந்தார். 1944 சனவரி 14இல் உயிர் நீத்தார். பதினாறு நாட் கழித்து, சனவரி 30இல், உளவாளிகள் என்னும் பழி சுமத்தப்பட்ட 44 பேர் ஹம்ப்ரிகஞ்ச் என்னுமிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுடப்பட்டனர். இன்று அங்கு நினைவிடம் உள்ளது.

போரின் இறுதியில், 1945 ஆகஸ்டில், உணவு அருகிற்று. உண்போர் தொகையைக் குறைத்தலே வழியென ஆட்சியாளர் துணிந்தனர் போலும். வேளாண்மைக்குப் புதிய நிலம் தருவதாகக் கூறி நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் ஏற்றிச் சென்று, ஹேவ்லாக் தீவின் அருகே இருளில் கடலிற் குதிக்கச் செய்தனர். பெரும்பாலோர் மூழ்கினர், கரையேறியோரும் உணவின்றி மாண்டனர். அத்தீவுக்கு 2018 முதல் சுவராஜ் தீவு என்று பெயர்.

இனி வினாவுக்கு வருவாம். ஈசுவரன் எல்லாம் வல்லவன், எல்லாம் அறிந்தவன், எல்லையற்ற அருளாளன் என்பர். இம்மூன்றும் உண்மையாயின் ஹேவ்லாக் இரவு ஏன் நேர்ந்தது? இறைவன் மனிதனுக்குத் தன்னுரிமை தந்தான், அவன் அதைக் கெடுத்தான் என்பது ஒரு விடை. கொன்றவனுக்கு அது பொருந்தலாம். கடலில் தள்ளப்பட்ட குழந்தைக்கு எவ்வுரிமை இருந்தது? இது சோதனை என்பது மற்றொரு விடை. சோதித்து அறியவேண்டிய நிலையில் இருப்பவன் எல்லாம் அறிந்தவன் ஆகான். திருவிளையாடல் என்பாரோடு வழக்காட நாம் விரும்பவில்லை; அச்சொல்லை ஹம்ப்ரிகஞ்சிற் கணவனை இழந்தவளிடம் கூறிப் பார்க்கட்டும்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையன்று. பயங்கரம் நிகழ்ந்தவிடமெல்லாம் கடவுள் நம்பிக்கை அழிந்துபடவில்லை. கார் நிக்கோபாரிலும் 1945இல் உளவுப் பழி கூறிப் பலரைக் கொன்றனர். அக்கொடுமையினூடே வாழ்ந்து பிழைத்தவர் ஜான் ரிச்சர்ட்சன் என்னும் நிக்கோபாரியக் கிறித்தவப் போதகர். 1950இல் பிஷப்பாகத் திருநிலைப்பாடு பெற்றார். 1952இல் மக்களவைக்கு நியமிக்கப்பெற்றார். போர் ஓய்ந்தபின் அத்தீவினருட் பெரும்பாலோர் அவர் சமயத்தையே தழுவினர். அவர்கள் தருக்கத்தால் வென்றெடுக்கப்பட்டவர் அல்லர். இடுக்கணில் தம்மை விட்டு அகலாது உடனிருந்தவர் பின்னே சென்றனர் என்று நாம் கருதுகிறோம். இது பௌத்தப் பிரசாரகர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அஃதேல், பகவான் புத்தர் கூறியது யாது? அங்குத்தர நிகாயத்தின் மூன்றன் தொகுதியில் ஒரு சூத்திரம் உளது. மாந்தர் நுகரும் இன்பமும் துன்பமும் அனைத்தும் ஈசுவரப் படைப்பால் வருவன என்போரை நோக்கிப் பகவான் வினவுகிறார். அங்ஙனமாயின் ஒருவன் கொலைஞன் ஆவதும் ஈசுவரப் படைப்பால் அன்றோ? பிறகு, இது செய்யத்தக்கது, இது தகாதது என்னும் முயற்சிக்கு இடம் ஏது? இதனைக் கடவுள் மறுப்பு வாதமாக மட்டும் படிப்போர் பாதிப் பயனையே பெறுகின்றனர். இதன் உயிர்நிலை, குற்றத்தின் பொறுப்பைக் குற்றவாளியின் தலையிலிருந்து இறக்க விடாமையே. துப்பாக்கியை நீட்டியவனுக்கும் அவன் கைக்கும் இடையே எத்தெய்வத்தையும் அவர் நிறுத்த இசைந்திலர்.

ஆனால் அதே சூத்திரம் அவ்விடத்தில் நிற்கவில்லை. எல்லாம் முற்செய் வினையாலேயே வருவன என்னும் கொள்கையையும், எதற்கும் காரணமே இல்லை என்னும் கொள்கையையும் அதே தட்டில் வைத்து அதே வாதத்தால் மறுக்கிறது. இதனை நம்மவர் பலர் அறியார், அறிந்தும் மறப்பார். கடவுள் சித்தம் என்று அயலார் கூறுமிடத்தில் "அவரவர் கருமம்" என்று நாம் கூறிவிட்டு, ஏதோ அறிவியல் பகர்ந்தாற் போல் தலை நிமிர்கிறோம். கல்நெஞ்சத்தில் இவ்விரு விடைக்கும் வேற்றுமை இல்லை. 44 பேரும் முற்பிறப்பிற் கொன்ற பாவத்தால் சுடப்பட்டனர் எனின், சுட்டவர் வினையின் ஏவலாளர் ஆகின்றனர். 1946இல் சிங்கப்பூரில் கார் நிக்கோபார்க் கொலைகளை விசாரித்த இராணுவ நீதிமன்றம் யாரைத் தண்டித்தது? வினையின் தூதரையா?

சம்யுத்த நிகாயத்தில், மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இதே ஐயத்தைக் கேட்கிறான். பகவான் எட்டுக் காரணங்களை விரிக்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், தகாத நடக்கை, பிறர் செய்யும் தாக்குதல், வினைப்பயன் என்பன அவை. வினைப்பயன் எட்டினுள் ஒன்றே. பிறர் தாக்குதல் தனியே எண்ணப்பட்டிருப்பதை நோக்குக. எல்லாம் முன்வினையே என்போர் தாம் அறிந்ததையும் உலகம் மெய்யென ஒப்பியதையும் கடந்து பேசுகின்றனர் என்பது அவர் தீர்ப்பு. அருகர் மொக்கல்லானர் கள்வரால் அடியுண்டு இறந்ததற்குப் பழவினை கூறப்பட்டுள்ளதே என ஒருவர் தடுக்கலாம். கூறப்பட்டது மெய்யே. வினையின் விளைவை முற்றக் கண்டவராகப் போற்றப்படுபவர், ஒருவரைக் குறித்துக் கூறியது அது. ஒன்றும் காணாத நாம், கண்ணீரோடு நிற்பார் எவரையும் நோக்கி அதனைக் கூற உரிமம் அன்று.

2004 டிசம்பர் 26இன் ஆழிப் பேரலையையும் இதனோடு சேர்த்துப் பேசுவோர் உளர். அன்றும் நிக்கோபாரில் பலர் மாண்டனர். இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியேறிய தமிழரும் அத்துயரில் அகப்பட்டனர். துன்பம் துன்பமே. எனினும் கடலுக்குச் சேதனை இல்லை. சேதனையே, அஃதாவது எண்ணித் துணிதலே, கருமம் என்று வகுத்த நெறியில், அலையையும் துப்பாக்கியையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதலாகாது.

இனிக் கசப்பான பகுதி. அந்தமானிற் கொன்றோர் வந்தது எந்நாட்டிலிருந்து? புத்த தருமம் புகுந்து ஆயிரத்து நானூறு ஆண்டுக்குக் குறையாத நாட்டிலிருந்து. அரசாங்கத்தின் கொள்கை சக்கரவர்த்தி வழிபாடாகிய ஷிந்தோ என்று கூறி நாம் தப்பலாம். ஆனால் பௌத்தப் பிரிவுகளே அப்போரை வாழ்த்தின. 'நான்' என்பது இல்லை என்னும் அனாத்ம உபதேசம், சக்கரவர்த்திக்காகத் தயங்காது சாதற்கும் கொல்லுதற்கும் பாடமாகத் திருப்பப்பட்டது. சோதோ ஜென் பிரிவு 1992இல் தன் போர்க்காலச் செயலுக்கு வருந்தி வெளிப்படையாக அறிக்கை விட்டது. ஆகவே, ஈசுவரனை நீக்கிவிட்டால் மனிதன் கொலையை விடுவான் என்பது வரலாற்றால் நிறுவப்படவில்லை. ஈசுவரன் இருந்த பீடத்தில் அரசனையோ இனத்தையோ கட்சியையோ ஏற்றிவைக்க மனிதனுக்கு நெடுநேரம் ஆகாது.

எதிர்த்தோர் இலரோ? உளர், சிலர். தக்கேனாக்கா ஷோகென் என்னும் ஜோதோ ஷின் பிரிவின் ஒத்தானிக் கிளைக் குருக்கள், 1937இல், எழுபது வயதில், போர் குற்றம் என்று வாய்விட்டுக் கூறினார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவர்தம் பிரிவே அவர் தகுதியைக் குறைத்தது. 2007இல்தான் அப்பிரிவு அவர் மதிப்பை மீட்டளித்தது. மூல நூல்களில் இதற்கு ஐயமே இல்லை. போரில் வீழ்பவன் சுவர்க்கம் புகுவானோ என்று படைத்தலைவன் ஒருவன் வினவ, பகவான் மும்முறை விடை மறுத்து, வற்புறுத்தியபின், கொல்லும் எண்ணத்தோடு மாள்பவன் நிரயம் புகுவான் என்றார். நூல் தெளிவாயிருந்தும் சங்கத்தார் வாய் மூடினர்.

நம் தமிழ் மரபிலும் ஈண்டு நினைக்கத்தக்கது ஒன்றுண்டு. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலமுடைந்து, மரத்தைப் பற்றி நீந்தி, ஆடையற்ற நாகர் வாழும் மலைச் சாரலை அடைகிறான். அவ்விடம் நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபாரே எனச் சிலர் கருதுவர். எவ்விடமாயினும் ஆகுக. கொன்று தின்ன வந்தவரிடம் அவர்தம் மொழியிலேயே அவன் பேசுகிறான். அவர்கள் தலைவன் கள்ளும் ஊனும் மங்கையும் தர, மறுக்கிறான். தலைவன் சினந்து காரணம் கேட்க, பிறப்பிறப்பையும் நல்வினை தீவினையையும் விளக்குகிறான். எமக்கு ஏற்ற அறம் யாது என்று தலைவன் கேட்கிறான். கலமுடைந்து இக்கரை சேர்வாரைக் கொல்லாதே, அவர் உயிரைக் காப்பாயாக. மூத்து இறந்தன அல்லாத விலங்கின் ஊனை உண்ணாதே என்பது சாதுவன் விடை. முற்றும் துறக்கச் சொல்லவில்லை; பொருளாசையைக்கூட அன்று விடச் சொல்லவில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதும் அவ்வுரையாடலில் எழவில்லை. கடலிலிருந்து வருபவனைக் கொல்லாதே என்னும் ஒன்றை முதலில் நிறுத்திக்கொண்டான்.

பயங்கரத்தால் உற்றாரை இழந்தோர் நம்மிடம் வந்து கடவுள் உண்டா என்று கேட்டால் யாது கூறுவது என்று சங்க அன்பர் சிலர் வினவியுள்ளனர். அவ்வேளையில் திரிபிடகத்தைத் திறவாதிருப்பதே நன்று. அவர் தம் இறைவனை வணங்க விரும்பின் உடன் அமர்ந்திருக்கலாம். வெறுத்துப் பேசின் அதையும் கேட்டிருக்கலாம். முன்வினை என்னும் சொல்லை மட்டும் உச்சரிக்க வேண்டா. பல திங்கள் கழித்து அவரே ஆராய விரும்பி வருவாராயின், மேலே கூறிய இரு சூத்திரங்களையும் அவரோடு படிக்கலாம். முன்வினைக் கொள்கையைப்பற்றி நிகண்டரோடு பகவான் நிகழ்த்திய உரையாடல் மத்திம நிகாயத்தின் தேவதக சூத்திரத்தில் உளது. அதனை அடுத்த பாடத்தில் எடுத்துக்கொள்வாம்.